மூணேகால் பவுன் குண்டு

காமிக்ஸ் படிச்சு வளர்ந்த கூட்டம் இங்கே நிறைய உண்டுன்னு தெரியும். லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் குதிரையில் போய்க்கிட்டே வின்செஸ்டர் ரைபிளின் லீவரைத் தள்ளித் தள்ளிச் சுட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த வயசுல எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இத்தனை தோட்டாவும் எங்கேருந்து வருது? சுத்துவட்டாரத்தில் ஒரு பெட்டிக்கடை கூட இல்லாத பாலைவனம். ஹீரோ ஒரு நாள் கூட உட்கார்ந்து தோட்டா எண்ணினதா படமே கிடையாது.

சந்தேகத்துக்குப் பதில் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சது. நிஜமான ஹீரோக்கள் சாயங்காலம் ஆனா அடுப்பு பத்தவைத்து, ஈயம் காய்ச்சி, அவங்களே தோட்டா செய்துகிட்டாங்க! நாள் முழுக்க சுட்ட வெற்றுக்கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ராத்திரி அதுக்குத் திரும்ப உயிர் கொடுத்தாங்க. இந்த வேலைக்கு ஹேண்ட்லோடிங்னு பேர். அமெரிக்காவில் இன்னைக்கும் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

முன்னாடியே சொல்லிடறேன். நான் கையால் தொட்ட துப்பாக்கி என்.சி.சி.யில் கொடுத்த .22 மட்டும்தான். அதிலும் அட்டையில் பட்டதை விட மண்மேட்டில் பட்டதுதான் ஜாஸ்தி :-) அதனால இது வேட்டைப் பதிவு இல்லை. ஒரே ஒரு தோட்டாவின் சரித்திரம். 1873ல் பிறந்து இன்னும் சாகாத தோட்டா. அது ஏன் சாகலைங்கறதுதான் கேள்வி.

முதல்ல கொஞ்சம் பாடம்

ஒரு தோட்டான்னா நாலு சாமான். பித்தளைக் கூடு ஒன்று. கூட்டின் அடியில் ஒரு சின்ன கேப்பு (தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப்பு போட்டு அடிப்போமே, தத்துவம் அதேதான், அவங்க பிரைமர்னு சொல்றாங்க). உள்ளே மருந்து. வாயில் செருகின குண்டு. சுட்டதும் கேப்பு செத்துடும், மருந்து எரிஞ்சிடும், குண்டு போயிடும். கூடு மட்டும் அப்படியே கையில் நிற்கும். நாலில் விலை அதிகமான சாமான் அந்தக் கூடுதான். செத்த கேப்பைத் தட்டி எடுத்து, சுட்டதில் உப்பிப்போன கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது கேப்பு, புது மருந்து, புது குண்டு வைத்தால் புதுத் தோட்டா. அவ்வளவுதான் ஹேண்ட்லோடிங்.

அடுத்து எடை. குண்டுக்கும் மருந்துக்கும் 'கிரெய்ன்' என்ற அளவு. நம்ம ஆசாரிகள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி, அவங்க தானிய மணி வைத்து நிறுத்ததில் வந்த பேர். 7,000 கிரெய்ன் ஒரு ராத்தல். இப்படிச் சொன்னா யாருக்கும் மனசுல நிற்காது, பவுன் கணக்கில் சொல்றேன். 405 கிரெய்ன் குண்டு என்றால் 26 கிராம் சொச்சம், அதாவது மூணேகால் பவுன். 500 கிரெய்ன் என்றால் நாலு பவுன். ஒரே ஒரு குண்டு! 1895ல் வந்த .30-30 என்ற பிரபலமான மான் வேட்டைத் தோட்டாவில் 160 கிரெய்ன் குண்டு, ஒண்ணேகால் பவுன் சொச்சம். வித்தியாசம் புரியுதில்லையா?

ஏன் இவ்வளவு கனம்?

1873ல் அமெரிக்க ராணுவம் புதுசா ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கொண்டது. பெட்டி மூடி மாதிரி மேல்பக்கமாகத் திறந்து ஒரு தோட்டா போட்டு மூடுகிற அமைப்பு. அதனால 'டிராப்டோர்'னு செல்லப் பேர். அதுக்கான தோட்டாதான் .45-70. முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. இரண்டாவது எண் உள்ளே போகிற கருமருந்து, 70 கிரெய்ன். வாயில் 405 கிரெய்ன் ஈயக்குண்டு. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,300 அடி.

கருமருந்துன்னா வெடியுப்பு, கந்தகம், கரி. நம்ம கோயில் வேட்டுக்குப் போடுகிற அதே சரக்கு. இதில் ஒரு குறை உண்டு. எவ்வளவு அடைத்தாலும் வேகம் ஒரு அளவுக்கு மேல ஏறாது. மருந்தைக் கூட்டினால் புகை கூடும், குழாயில் கசடு கூடும், தோள்பட்டை கழன்று போகும், வேகம் மட்டும் கொஞ்சம்தான் கூடும். ஆக, பெரிய மிருகத்தை விழவைக்க ஒரே வழி குண்டின் எடையைக் கூட்டுவது. விட்டத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டினால் குண்டு நீளமாகும். நீளமான கனத்த குண்டு மெதுவாகத்தான் போகும், ஆனா போகிற வேகத்தைச் சீக்கிரம் இழக்காது.

இதை ராணுவமே 1879ல் நியூஜெர்சி கடற்கரையில் சாண்டி ஹுக் என்ற இடத்தில் சோதித்துப் பார்த்தது. 2,500 கெஜம் தாண்டி, அதாவது இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் பலகைகளை நட்டு 500 கிரெய்ன் குண்டால் சுட்டாங்க. குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு மணலுக்குள் போனது. 1880களின் தொடக்கத்தில் ராணுவ ரைபிளுக்கும் நாலு பவுன் குண்டே வந்துவிட்டது.

ராத்திரி அடுப்பும் பகல் வெளியும்

இனி வருவது சந்தோஷமான பகுதி இல்லை.

1871 வாக்கில் காட்டெருமைத் தோலைப் பதப்படுத்தி ஆலை இயந்திரங்களுக்கு பெல்ட்டாக மாற்றுகிற வழி கிடைத்தது. 1872ல் ரயில் டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் நடந்ததை வேட்டைன்னு சொல்ல வாய் வரலை. தோல் உரிக்க ஆள், வண்டி, சமையல்காரர் சகிதம் ஒரு கம்பெனி மாதிரி கிளம்பிப்போய், தூரத்தில் படுத்துக்கொண்டு மந்தையை ஒவ்வொன்றாக விழவைப்பது. பெரும்பாலும் ஷார்ப்ஸ் ரைபிள். அதில் லீவர் உண்டு, ஆனா ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். ஒவ்வொரு முறையும் கையால் போடணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. தொழில் ஓடணும்னா ஒரு தோலுக்குக் கிடைக்கிற காசை விட அதைச் சுடுகிற செலவு ரொம்பக் குறைவா இருக்கணும். ரயிலடியிலிருந்து எங்கேயோ தள்ளி இருக்கும் முகாமுக்கு ஃபேக்டரி தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தால் கட்டுப்படியாகாது. மருந்தும் ஈயமும் மொத்தமாக வாங்கினால்? 25 ராத்தல் மருந்து, 70 கிரெய்ன் கணக்கில் 2,500 தோட்டாவுக்குக் காணும். அத்தனைக்கும் குண்டு வார்க்க சுமார் 145 ராத்தல் ஈயம் வேணும். கூடு? நூறு இருநூறு இருந்தால் போதும், அதையே திரும்பத் திரும்ப அடைக்கலாம். அதனால ஒவ்வொரு ராத்திரியும் முகாமில் இதே வேலை. அச்சில் ஈயம் ஊற்றுவது, தகரம் கொஞ்சம் கலந்து கடினப்படுத்துவது, தேன்மெழுகும் கொழுப்பும் பூசுவது அல்லது மெல்லிய காகிதம் சுற்றுவது, கருமருந்துக் கசடு பித்தளையை அரிக்காமல் கூடுகளைக் கழுவிக் காயவைப்பது, மருந்து போட்டு காற்றிடம் இல்லாமல் அழுத்தி அடைப்பது.

படிக்கும்போது ஒரு நிமிஷம் மனசு சபலப்படும். என்ன சிக்கனம், என்ன கைத்திறன், ஒரு சாமானைக் கூட வீணாக்காமல் எப்படி வாழ்ந்திருக்காங்கன்னு. அதே கை மறுநாள் காலை என்ன செய்தது? தோலை மட்டும் உரித்துக்கொண்டு மாமிசத்தை வெளியில் அழுகவிட்டது. கூட்டை வீணாக்காதவங்க எருமையை வீணாக்கினாங்க. அந்த எருமையை உணவு, உடை, கூடாரம் எல்லாத்துக்கும் நம்பியிருந்த சியூ, ஷயேன், கோமாஞ்சே மக்களின் வாழ்க்கை அதோடு சேர்ந்து முறிந்தது. பல கோடி என்று மதிப்பிடப்பட்ட மந்தையில் தெற்குப் பகுதி 1878க்குள்ளும், வடக்குப் பகுதி 1883க்குள்ளும் ஏறக்குறைய முடிந்துபோனது.

1889ல் ஒருத்தர் மிச்சத்தை எண்ணி எழுதினார். வட அமெரிக்கா முழுக்க, கொட்டிலில் வளர்ப்பதையும் சேர்த்து 1,091. எழுதியவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே. இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு தேடினால், இவர் நம்ம ஊருக்கு வந்தவர்! 1877ல் அருங்காட்சியகங்களுக்கு மிருகங்கள் சேகரிக்க ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் வந்து யானை, புலி எல்லாம் சுட்டுக்கொண்டு போய், அதை ஒரு புத்தகமாகவும் எழுதினவர். அதே மனுஷன் 1886ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காகக் காட்டெருமை தேடி மொன்டானா போனார். வசந்தத்தில் போனபோது கண்ணில் படுவதே கஷ்டமாக இருந்தது. இலையுதிர் காலத்தில் திரும்பப் போய் இரண்டு டஜன் அளவில் சுட்டு வந்தார். பாடம் செய்து வைக்கக்கூட மிச்சம் இருக்காதோ என்ற பயத்தில் செய்த வேலை அது. பிற்பாடு 1905ல் காட்டெருமையைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் தலைவரும் இவர்தான்.

லீவர் வந்தது, எருமை இல்லை

அந்த 1886ஐ ஞாபகம் வைச்சுக்கோங்க.

லீவர் ரைபிள்னா விசைக்குக் கீழே ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய கூடு வெளியே தெறிக்கும், புதுத் தோட்டா உள்ளே போகும். குழாய்க்கு அடியிலேயே இன்னொரு மெல்லிய குழாய், அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஆரம்பகால லீவர் ரைபிள் எல்லாம் சின்னத் தோட்டாவுக்குத்தான். வின்செஸ்டர் 1876ல் கொண்டுவந்த பெரிய மாடலிலேயே .45-70 நுழையவில்லை, நீளம் கூடுதல். அதுக்காக .45-75னு குட்டையான, தடித்த தோட்டா ஒன்றைத் தனியா செய்தாங்க. 1881ல் மார்லின் கம்பெனி முந்திக்கொண்டு .45-70க்கு லீவர் ரைபிள் கொடுத்தது. அப்புறம் யூட்டாவின் ஆக்டன் ஊரிலிருந்து ஜான் பிரௌனிங் என்ற மேதை செய்த வடிவத்தை வின்செஸ்டர் வாங்கி வெளியிட்டது. இரண்டு எஃகுத் தாழ்ப்பாள் செங்குத்தாக ஏறிப் பூட்டும் உறுதியான அமைப்பு. அந்த மாடலின் பேரே 1886!

அதாவது கனத்த குண்டைச் சரசரவென்று சுடும் உறுதியான ரைபிள் கடைக்கு வந்த அதே வருஷம், அந்தக் குண்டு எந்த மிருகத்துக்காகக் கனத்ததோ அந்த மிருகத்தை ஹார்னடே தேடி அலைந்துகொண்டிருந்தார். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கனத்த குண்டுக்கும் லீவர் ரைபிளுக்கும் இன்னொரு பொருத்தப் பிரச்சனையும் உண்டு. ஹேண்ட்லோடிங் ஆட்கள் இன்னைக்கு வரைக்கும் மண்டையை உடைச்சுக்கிற விஷயம் இதுதான்.

ஒண்ணு, குண்டின் மூக்கு. ரயில் பெட்டி மாதிரின்னு சொன்னேனில்லையா? பின்னாடி இருக்கிற தோட்டாவின் மூக்கு முன்னாடி இருப்பதன் கேப்பில் இடித்துக்கொண்டு நிற்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் உதையில் அது ஆணி மாதிரி கேப்பைக் குத்திவிடலாம். குழாய்க்குள்ளேயே வெடிக்கும், பிடித்திருக்கிற இடது கைக்கு நேர் மேலே. அதனால மூக்கு தட்டையாக இருந்தே ஆகணும்.

ரெண்டு, நீளம். லீவர் இயங்கும் இடைவெளியில் .45-70 தோட்டா மொத்தமா 2.55 அங்குலத்துக்குள் அடங்கணும். கூடு மட்டுமே 2.1 அங்குலம். ராணுவத்தின் நாலு பவுன் குண்டை அப்படியே வைத்தால் நீளம் கூடிப்போய் உள்ளே சிக்கிக்கொள்ளும். சரி, குண்டை ஆழமாக இறக்கலாம்னா அது மருந்துக்கான இடத்தைத் தின்னும். மருந்துக்கு இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும்.

மூணு, பிடிப்பு. முன்னாலிருந்து ஸ்பிரிங் தள்ளுது, சுடும்போது மொத்த ரைபிளும் பின்னால் உதைக்குது. இதில் குண்டு கூட்டுக்குள் மெல்ல இறங்கிவிடும். அதனால குண்டில் ஒரு பள்ளம் வைத்து, கூட்டின் விளிம்பை அதில் மடித்துப் பூட்டணும்.

தட்டை மூக்கு, குறைந்த நீளம், மடித்த விளிம்பு. இந்த மூணுக்குள்ள எவ்வளவு கனத்தை அடக்கலாம் என்பதுதான் நூற்று நாற்பது வருஷமா நடக்கும் விளையாட்டு.

ஐடியல் இடுக்கி

1884ல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் ஐடியல் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவர் விற்றது பாக்குவெட்டி மாதிரி ஒரு கைப்பிடிக் கருவி. அந்த ஒரே இடுக்கியில் செத்த கேப்பைத் தள்ளலாம், புது கேப்பு வைக்கலாம், குண்டைச் செருகலாம், சில மாடலில் முனையிலேயே குண்டு வார்க்கும் அச்சும் இருக்கும். சட்டைப் பைக்குள் ஒரு தோட்டா ஆலை! கருவியோடு எப்படி அடைப்பது என்று கையேடும் போட்டார். ஐடியல் பல கை மாறி 1925ல் லைமன் கம்பெனியிடம் போனது. அந்தக் கையேட்டின் வம்சம் இன்னும் தொடர்கிறது.

கேப்பிலும் ஒரு வேடிக்கை. 1860களில் இரண்டு வகை கேப்பு வந்தது. பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் செய்தது ஒன்று. அதில் கூட்டின் நடுவில் ஒரே ஓட்டை, உள்ளே ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் செத்த கேப்பு விழுந்துவிடும். பெர்டான் என்ற அமெரிக்கர் செய்ததில் ஓரமாக சின்ன ஓட்டைகள், தட்டி எடுப்பது தலைவலி. கடைசியில் ஆங்கிலேயரின் கேப்பு அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் கேப்பு ஐரோப்பாவில் நிலைத்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டா அடைக்கும் பழக்கம் பரவ அந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

புகை போச்சு, ஆபத்து வந்தது

1890களில் புகையில்லா மருந்து வந்ததும் ஆட்டமே மாறியது. வேகம் சட்டென்று கூடியது. ஒண்ணேகால் பவுன் குண்டே நொடிக்கு 2,000 அடியை நெருங்கியது. ராணுவம் 1892லேயே சின்ன விட்டத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் 1898 கியூபா போரில் மாகாணத் தொண்டர் படைகள் சில பழைய .45-70 உடனே போக, ஒவ்வொரு வேட்டுக்கும் எழுந்த வெள்ளைப் புகை அவங்க இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தது. கனத்த குண்டு பழைய பஞ்சாங்கமாகிவிட்டது.

வீட்டில் அடைப்பவங்களுக்கு இதில் புது ஆபத்து. கருமருந்து ஒரு அப்பாவி மருந்து. கூடு நிறைய போட்டு அழுத்தினால்தான் சரியான அளவு, அதுக்கு மேல போட இடமே கிடையாது. தப்பு செய்ய நினைத்தாலும் முடியாது. புகையில்லா மருந்தில் சக்தி அதிகம், இடம் கொஞ்சம். பல வகைகளில் பெரிய .45-70 கூட்டுக்குள் பாதி கூட நிறையாது. கவனம் தப்பி ஒரே கூட்டில் இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போது தெரியும்!

இந்த விஷயத்தில் யாரும் விதிவிலக்கு இல்லை. கனத்த குண்டுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடின இடாஹோ எழுத்தாளர் எல்மர் கீத் 1920களில் தன் பழைய கோல்ட் சுழல்துப்பாக்கிக்கு, லீவர் ரைபிளுக்கான 300 கிரெய்ன் குண்டை வைத்துக் கனமாக அடைத்தார். துப்பாக்கியின் சிலிண்டர் மேல்பாதி பிளந்து பறந்தது. கைக்கு ஒன்றும் ஆகாதது அவர் அதிர்ஷ்டம். அதை மறைக்காமல் அவரே எழுதியும் வைத்தார்.

சரி, ஏன் சாகலை?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். ராணுவம் கைவிட்டது, எருமை போச்சு, வேகம்தான் ஃபேஷன். வின்செஸ்டர் 1886ஐ 1935ல் நிறுத்திவிட்டது. மார்லின் தன் பழைய 1895 மாடலை அதுக்கு முன்னாடியே, 1917ல் நிறுத்தியிருந்தது. தோட்டா செத்திருக்கணும். சாகலை. 1972ல் மார்லின் அதே 1895 என்ற பேரில் புது லீவர் ரைபிள் கொண்டுவந்தது. அலாஸ்காவில் கரடி நடமாடும் இடத்தில் வேலை செய்கிறவங்க விரும்பி வாங்கினாங்க.

ஆனா கடையில் கிடைத்த தோட்டா மட்டும் 1873 காலத்து வேகத்திலேயே நின்றது. கம்பெனிக்காரன் சோம்பேறியா? இல்லை. அவனுக்கு ஒரு நியாயமான பயம். .45-70 என்று பெட்டியில் எழுதிவிட்டால் அதை யார் எந்தத் துப்பாக்கியில் போடுவாங்கன்னு அவனால் சொல்ல முடியாது. ஒருத்தர் நேத்து வாங்கின மார்லினில் போடுவார். இன்னொருத்தர் கொள்ளுத்தாத்தா பரணில் வைத்திருந்த 1873 டிராப்டோரில் போடுவார். அந்தப் பெட்டி மூடியும் தாங்கணுமே! அமெரிக்கத் தோட்டாத் தொழில் சங்கம் (அதன் சுருக்கப் பேரை நம்மாளு யார் படிச்சாலும் 'சாமி'ன்னுதான் படிப்பான் :-) ) இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. .30-06 தோட்டாவுக்கு அதே சங்கம் 60,000 வரை விட்டிருக்கு. பெரிய கம்பெனிகளின் சாதாரணத் தோட்டா அந்த 28,000க்கும் கீழேயே நின்னுக்கும்.

ஃபேக்டரி, இதுவரை செய்யப்பட்டதிலேயே பலவீனமான துப்பாக்கியை நினைத்துத் தோட்டா செய்யணும். வீட்டில் அடைக்கிறவர் தன் கையில் இருக்கும் துப்பாக்கியை மட்டும் நினைத்தால் போதும். .45-70 உயிரோடு இருப்பதன் ரகசியம் இந்த ஒரு வித்தியாசம்தான்னு நினைக்கிறேன்.

அதனால்தான் ஹேண்ட்லோடிங் கையேடுகளில் .45-70க்கு மட்டும் ஒரு விசேஷம். மத்த தோட்டாவுக்கு வழக்கமா ஒரு அட்டவணைதான் இருக்கும். இதுக்கு மூணு அட்டவணை. முதலாவது டிராப்டோருக்கு, சாதுவானது. இரண்டாவது மார்லின் போன்ற புது லீவர் ரைபிளுக்கு. மூணாவது ருகர் நம்பர் ஒன் போன்ற இரும்புக்கோட்டை மாதிரி ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு. ஒரே கூடு, ஒரே பேர், மூணு தரம். மூணாவது பக்கத்தைப் பார்த்து அடைத்ததை முதல் வகையில் போட்டால் துப்பாக்கி சிதறும். அடைத்து முடித்தபின் மூணையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் பெட்டியின் மேல் அவரே எழுதி ஒட்டுகிற சீட்டில் மட்டும்தான் இருக்கு.

இரண்டாவது அட்டவணைதான் நம்ம கதாநாயகன் இருக்கும் இடம். கெட்டியான ஈயக்கலவையில் வார்த்த, தட்டை மூக்கு கொண்ட, 400 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டு. அதன் பள்ளம் எந்த இடத்தில் இருக்கு, மடித்தபின் நீளம் 2.55க்குள் நிற்குதா, லீவர் தடங்கலில்லாமல் ஏற்றுதான்னு ஒவ்வொன்றா பார்க்கணும். மூணு கிலோ சொச்ச ரைபிளில் நாலு பவுன் குண்டைத் தள்ளினால் தோளுக்கு என்ன கிடைக்கும்னு சொல்லவே வேண்டாம். நியூட்டன் யாருக்கும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

1990களுக்கு மேல சின்னக் கம்பெனிகள் சில "புது லீவர் ரைபிளுக்கு மட்டும்" என்று பெட்டியில் எச்சரிக்கை போட்டு இந்த மாதிரிக் கனத்த தோட்டாவை விற்க ஆரம்பித்தன. 2000களின் நடுவில் ஹார்னடி கம்பெனி ரப்பர் மாதிரி மெத்தென்ற கூர்மூக்கு வைத்து, நூறு வருஷத் தட்டை மூக்குப் பிரச்சனைக்கு ஒரு வழி செய்தது. மார்லின் பேரை 2020ல் ருகர் வாங்கியது. புது கம்பெனியிலிருந்து முதலில் வெளியே வந்த மாடலும் அந்த 1895தான்.

கடைசியா, நம்ம ஊர்

லீவர் ரைபிளும் கனத்த குண்டும் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்குன்னு நினைக்காதீங்க. ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலி தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895, .405 தோட்டா. அதே பிரௌனிங் செய்த லீவர் ரைபிள். ஆனா அடியில் குழாய் கிடையாது, பெட்டி மாதிரி மேகசின். குண்டு 300 கிரெய்ன், ரெண்டரை பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. 1909ல் ஆப்பிரிக்கா போன ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு இதைத்தான் மெச்சினார். இந்த .405 தோட்டாவை ஃபேக்டரிகள் பல வருஷம் நிறுத்தி வைத்திருந்தன. அமெரிக்காவில் அந்த ரைபிள்கள் சுவரில் மாட்டுகிற அலங்காரமாகாமல் காப்பாற்றினதும் வீட்டில் அடைப்பவங்கதான்.

மார்லின் புது 1895 வெளிவந்தது 1972னு சொன்னேனில்லையா? அதே 1972ல்தான் நம்ம நாட்டில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே கனத்த குண்டுக்கு மறுபிறப்பு, இங்கே வேட்டைக்கு முற்றுப்புள்ளி. இங்கே நடந்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. 1,091 என்ற எண்ணைப் படித்தவங்களுக்கு இருக்கவும் முடியாது.

ஆனா அந்த மேஜை மட்டும் என்னை இழுக்குது. வரிசையா ஐம்பது கூடு நிற்கும். மருந்து போட்டு முடித்ததும், குண்டு வைப்பதுக்கு முன்னாடி, ஒரு டார்ச் லைட்டை அடித்து ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பாங்க, எல்லாத்திலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கான்னு. ஃபேக்டரியும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. தப்பு நடந்தால் பழி போட ஆள் கிடையாது. முகம் அவங்களுடையது, கை அவங்களுடையது.

டெக்ஸ் வில்லர் கதையில் ஒரே ஒரு பக்கமாவது இந்தக் காட்சி வந்திருக்கலாம்னு தோணுது. யாராவது பார்த்திருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க, அந்த இதழைத் தேடி வாங்கிடறேன்.

டிஸ்கி: எந்த மருந்து எவ்வளவு என்று ஒரு இடத்திலும் எழுதலை, கவனிச்சிருப்பீங்க. 70 கிரெய்ன் என்பது 1873 காலத்துக் கருமருந்துக் கணக்கு மட்டும். புகையில்லா மருந்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது.